பற்றரியை மாற்றுமுன் எர்த்தைப் பாருங்கள்

பண்டாரவளையிலிருந்து ஒருபுறம் பூனாகலை, கொஸ்லந்தைப் பக்கமும் மறுபுறம் வெலிமடை, கெப்பெட்டிப்பொலப் பக்கமும் ஓடுகின்ற கெப் வண்டிகளில் பல, அவற்றை ஓட்டும் இளைஞர்களைவிட வயதில் மூத்தவை. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்த பின்னர் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய டொயோட்டா, டட்ஸன், மிட்சுபிஷி, இசுசு வண்டிகள் இவை. முதலில் ஒரு கம்பனியிடமோ திணைக்களத்திடமோ இருந்து, பிறகு நகரத்து வியாபாரியிடம் போய், மூன்றாம் நான்காம் கையாகத் தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் வந்து சேர்ந்தவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆகவே முப்பது வருட வண்டியை வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்வது எமது பகுதிக்குப் பொருந்தாத கணக்கு.

காலையில் கோவா, கரட், லீக்ஸ் மூட்டைகள். மாலையில் பசளை, சீமெந்து. இரவில் அவசரமென்றால் அதே வண்டியில் ஒரு மெத்தையைப் போட்டு நோயாளி. 2016இல் தொடங்கி நாடெங்கும் விரிந்த 1990 அம்புலன்ஸ் சேவை பெரிய உதவிதான். ஆனால் தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து நல்ல பாதை வரைக்கும் பிரசவ வேதனையில் இருக்கும் ஒரு பெண்ணைக் கொண்டுவருவது பல இடங்களில் இன்றும் அயலிலுள்ள ஒரு கெப்பின் வேலையாகவே இருக்கிறது. அந்த நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், அல்லது மூடுபனிக்குள் வளைவில் இரண்டு ஹெட்லைட்டும் அணைந்துவிட்டால், அது ஒரு சாரதியின் தலைவலியோடு நிற்கிற விடயமல்ல.

நாம் பேசிப் பார்த்த சாரதிகளும் கராஜ்காரர்களும் ஒரே விடயத்தையே சொன்னார்கள். இந்த வண்டிகளின் டீசல் எஞ்சின் இலகுவில் கைவிடாது. கைவிடுவது வயர்தான். அதிலும் வயரின் நடுப்பகுதியை விட அதன் இரு முனைகளே அதிகம் கைவிடுகின்றன.

எமக்குத் தெரிந்த ஒரு வண்டியின் கதையைச் சொன்னால் விளங்கும். பூனாகலைப் பக்கத்துச் சாரதி ஒருவரின் கெப், காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. சாவியைத் திருகினால் "டக்" என்ற சத்தம் மட்டும். ஒரு வருடத்துக்குள் இரண்டு பற்றரி மாற்றினார். ஸ்டார்ட்டர் மோட்டரையும் கழற்றித் திருத்தினார். பிறகு வேறு வழியில்லாமல் மலைநாட்டுச் சாரதிகளின் பழைய வைத்தியத்துக்குப் போனார். வண்டியை எப்போதும் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவது, சில்லுக்குக் கல் வைப்பது, காலையில் கல்லை எடுத்து உருட்டி ஸ்டார்ட் பண்ணுவது. (இறக்கம் இல்லாத ஊரில் இந்த வண்டிகளில் பாதி முற்றத்திலேயே நின்றுவிடும் என்று நாம் நினைப்பதுண்டு.) இப்படியே நாலு மாதம் போனது. ஒருநாள் சமதரையில் சாவியைத் திருகியபோது அக்சிலரேட்டர் கேபிளிலிருந்து புகை வந்தது. பயந்துபோய் பண்டாரவளையில் வயரிங் வேலை செய்யும் வயதான ஒருவரிடம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னொரு பற்றரி போட்டுப் பாப்பமா பாஸ்?"

"இது போட்டு எத்தன நாளு தம்பி?"

"நாலு மாசந்தான் இருக்கும்."

"அப்ப அத விடு. எர்த் எங்க இருக்குன்னு பாப்பம்."

எர்த் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. முன்பொரு தடவை பற்றரியின் நெகட்டிவ் கேபிளை மாற்றியபோது, கடையில் கிடைத்தது நீளம் குறைந்ததாக இருந்ததால், எஞ்சினில் பூட்டவேண்டிய முனையைப் பக்கத்திலிருந்த பொடியிலேயே பூட்டியிருந்தார்கள். அதன் பிறகு எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையே இருந்த ஒரேயொரு பின்னல் பட்டிதான் ஸ்டார்ட்டரின் முழுக் கரண்டையும் சுமந்தது. அந்தப் பட்டியும் கிளட்ச் வேலையின்போது கழற்றப்பட்டுத் திரும்பப் பூட்டப்படவில்லை. எஞ்சினோ இறப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. இறப்பர் வழியே கரண்ட் போகாது. ஆகவே பொடிக்குத் திரும்பிப் போக அதற்குக் கிடைத்த வழி, மெல்லிய அக்சிலரேட்டர் கேபிள். புகை வந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். ஒரு நீளமான கேபிளும் ஒரு பின்னல் பட்டியும் போட்டதோடு, கழற்றி ஓரமாக வைத்திருந்த பழைய பற்றரியில்கூட வண்டி ஸ்டார்ட் ஆனது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024இல் 1350 ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, மாதம் 25 நாள் வேலை செய்தவருக்கு அது 33,750 ரூபாய். ஒரு டீசல் கெப்பின் பற்றரிக்கு ஏறத்தாழ அவ்வளவும் போய்விடும். அதைத்தான் அந்தக் குடும்பம் ஒரே வருடத்தில் இரண்டு தடவை தேவையில்லாமல் கொடுத்திருக்கிறது.

திரும்பும் வழி

வீட்டு மின்சாரத்தில் ஒரு பல்புக்கு இரண்டு வயர் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். வாகனத்தில் பெரும்பாலும் ஒரு வயர்தான் போகும். பற்றரியின் பொசிட்டிவ் பக்கத்திலிருந்து பியூஸ், சுவிட்ச் வழியாகப் பல்பு வரை வயர். பல்பிலிருந்து திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. இந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். பாடப்புத்தகத்தில் புவித்தொடுப்பு என்று படித்த பிள்ளைகள் இதை மண்ணோடு தொடர்புபடுத்திக் குழம்புவதுண்டு. வாகனத்தின் எர்த்துக்கும் மண்ணுக்கும் சம்பந்தமில்லை. நான்கு டயரும் இறப்பர்.

போகும் வழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பும் வழி கெட்டால் பல்பு எரியாது, மோட்டர் சுற்றாது. ஆனால் பழுது பார்ப்பவர்களில் அநேகர் போகும் வழியை மட்டுமே பார்க்கிறார்கள். ஊவாவின் பாதைகளில் கெடுவது பெரும்பாலும் திரும்பும் வழிதான். ஒக்டோபர் தொடக்கம் தை மாதம் வரை மழையும் மூடுபனியும். அதன்மேல் செம்மண் சேறு. யூரியாவும் சல்பேட்டும் ஏற்றிய பெட்டியில் சிந்துகிற தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உப்புநீராகி, வாலைட்டின் அடியிலுள்ள எர்த் போல்ட்டில் போய் உட்காரும். செம்புக்கும் இரும்புக்கும் நடுவே பச்சைக் களிம்பும் துருவும் ஏறும். வெளியே பார்த்தால் போல்ட் இறுக்கமாகவே இருக்கும்.

எர்த் கெட்டதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. பிரேக்கை மிதித்தால் சிக்னல் பல்பு மங்கலாக எரியும். சிக்னல் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டும். பேய் பிடித்த வண்டி என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். தன் எர்த் அடைபட்ட பல்பின் கரண்ட், பக்கத்துப் பல்பின் இழை வழியாகப் புகுந்து திரும்ப முயல்வதே இது. சுவிட்ச்சை மாற்றினாலும் பல்பை மாற்றினாலும் இது தீராது. வாலைட்டைக் கழற்றி, எர்த் வயரின் முனையையும் அது உட்காரும் இரும்பையும் எமரித் தாளால் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஸ்டார்ட்டர் பக்கத்து எர்த்தைச் சோதிக்க எளிய வழி, ஜம்ப் கேபிள் ஒன்றை எடுத்துப் பற்றரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சினின் சுத்தமான இரும்புப் பகுதி ஒன்றுக்கும் நேரே போடுவதுதான். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இப்போது எஞ்சின் உற்சாகமாகச் சுற்றினால் குற்றவாளி பற்றரியல்ல, எர்த். மல்டிமீற்றர் இருந்தால் அதன் ஒரு ஊசியை நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சினிலும் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். மீற்றர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் அடைப்பு இருக்கிறது. நல்ல பாதையில் 0.2 வோல்ட்டைத் தாண்டாது. பற்றரி முனைகளில் வெள்ளைப் பூப் பூத்திருந்தால் முதலில் கேபிள்களைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவிச் சுரண்டிவிட்டு மறுபடி பாருங்கள். எந்தச் சோதனையும் அதற்குப் பிறகுதான்.

ஒரு பல்பும் இரண்டு வயரும்

மீற்றர் இல்லாதவர் ஒரு 5 வோட்ஸ் பல்பு ஹோல்டரில் இரண்டு மீற்றர் நீளத்தில் இரண்டு வயரைப் பிடித்து டெஸ்ட் லாம்ப் செய்துகொள்ளலாம். ஒரு வயரை நல்ல எர்த்தில் பிடித்து, மறு வயரால் பியூஸ் பெட்டி தொடக்கம் பல்பு வரை படிப்படியாகத் தொட்டுக்கொண்டே போனால், வெளிச்சம் எங்கே நிற்கிறதோ அதற்கு முன்னுள்ள இணைப்பில்தான் பழுது. எர்த்தைச் சோதிப்பதற்கு மாறாக, ஒரு வயரைப் பற்றரியின் பொசிட்டிவில் பிடித்து மறு வயரால் சந்தேகமான எர்த்தைத் தொடவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐம்பது இழையில் நாற்பத்தொன்பது அறுந்து ஒற்றை இழையில் தொங்கும் வயரும் ஒரு சிறு பல்பை எரிய வைத்துவிடும். "கரண்ட் வருதே!" என்று ஏமாறுவது இங்கேதான். அப்படிச் சந்தேகம் வந்தால் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை வைத்துச் சோதியுங்கள். அது ஏறத்தாழ 5 அம்பியர் கேட்கும். அரைகுறை வயரால் அதைக் கொடுக்க முடியாது, பல்பு மங்கிவிடும். கண்ணாடி கடுமையாகச் சுடும், கவனம். கம்பியூட்டர் பெட்டி உள்ள பிற்கால வண்டிகளில் இந்த வித்தையைக் காட்டவேண்டாம்.

வயரின் நிறத்தை நம்பியும் பலர் வண்டியை எரித்திருக்கிறார்கள். கறுப்பு என்றால் எர்த் என்பது பழைய டட்ஸனில் பெரும்பாலும் சரி. டொயோட்டாவில் எர்த் வயர் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது. முழுக் கறுப்பு வயரில் பற்றரிக் கரண்ட் வரக்கூடும். டட்ஸனில் பழகிய கை டொயோட்டாவின் கறுப்பு வயரைப் பொடியில் பூட்டினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னும் எங்காவது 'ஸ்ரீ' இலக்கத்துடன் ஓடுகிற பழைய மொரிஸ் மைனர் பிக்கப் உங்கள் கைக்கு வந்தால் அதில் எல்லாம் தலைகீழ்: அந்த வண்டிகள் பொசிட்டிவ் பக்கத்தை எர்த்தாகக் கொண்டு செய்யப்பட்டவை. பிற்காலத்தில் சிலர் மாற்றியும் இருப்பார்கள். ஆகவே நிறத்தையும் பழக்கத்தையும் விட்டுவிட்டு டெஸ்ட் லாம்பைக் கேட்பதே உத்தமம்.

மூடுபனியில் மங்கும் வெளிச்சம்

அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் இடையில் இரவில் ஓட்டியவர்கள் ஹெட்லைட்டின் அருமையை அறிவார்கள். வெளிச்சம் போதவில்லை என்று கண்டதும் பலர் செய்வது, 60 வோட்ஸ் பல்பைக் கழற்றிவிட்டு 100 வோட்ஸ் பல்பு போடுவது. கணக்கைப் பாருங்கள். இரண்டு 60 வோட்ஸ் பல்புக்கு 10 அம்பியர். இரண்டு 100 வோட்ஸ் பல்புக்கு ஏறத்தாழ 17 அம்பியர். முப்பது வருடப் பழைய வயரும், ஸ்டியரிங் தண்டிலுள்ள சின்ன சுவிட்ச்சும் அதற்காகச் செய்யப்படவில்லை. சுவிட்ச் சூடாகி உருகும். உருகும்போது இரண்டு லைட்டும் ஒன்றாகப் போகும்.

உண்மையில் அந்தப் பழைய 60 வோட்ஸ் பல்பே நல்ல வெளிச்சம் தரக்கூடியது. பற்றரியிலிருந்து புறப்படும் வோல்ட் பல்பைச் சேருமுன் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது வீதமளவு குறைந்துவிடும். பழைய இணைப்புகளில் அப்படிக் குறைவது மிகச் சாதாரணம். எர்த்தைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு லைட்டுக்கும் பற்றரிக்கு அருகிலிருந்து பியூஸோடு ஒரு தடித்த வயர் இழுத்து, நடுவே ரிலே போட்டால், பல்பை மாற்றாமலே வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். சுவிட்ச் அப்போது ரிலேக்கு உத்தரவு மட்டுமே கொடுக்கும், பாரத்தைச் சுமக்காது.

பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் ஒரு விசேடம் உண்டு. ஹெட்லைட்டின் பொதுமுனைக்குப் பொசிட்டிவ் நேரே வந்துவிடும். சுவிட்ச் திறந்து மூடுவது எர்த் பக்கத்தை. இதை அறியாமல், மற்ற வண்டிகளில் செய்வதுபோல ஹை பீம் வயரில் ஒரு ஸ்பொட் லைட்டைத் தொங்கவிட்டு, அதன் மறுமுனையை எர்த் பண்ணினால், லைட் எரியவேண்டிய விதத்தில் எரியாது. பிறகு எல்.ஈ.டி. பாரைக் குறை சொல்லிக் கடைக்காரரோடு சண்டை. லைட்டைக் கழற்றி, மூன்று முனைகளில் எதில் எப்போது கரண்ட் வருகிறது என்று முதலில் டெஸ்ட் லாம்பால் பார்த்துக்கொண்டால் சண்டை மிச்சம்.

பற்றரி இறங்குவது எதனால்?

சாவியை ஓன் பண்ணியதும் டாஷ்போர்ட்டில் சிவப்பு பற்றரி விளக்கு எரியவேண்டும். எஞ்சின் ஓடத்தொடங்கியதும் அணையவேண்டும். எரியவே இல்லை என்றால் நிம்மதி கொள்ளவேண்டாம். பல வண்டிகளில் ஒல்டர்னேட்டர் வேலையைத் தொடங்குவதற்கான சிறு கரண்ட் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. சில ரூபாய் பல்பு எரிந்துபோனதற்காக ஒல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.8 தொடக்கம் 14.4 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் சரி. நிறுத்திச் சில மணிநேரத்தின் பின் 12.6 இருந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி.

எஞ்சின் ஓடும்போது பற்றரி கேபிளைக் கழற்றிப் பார்த்து "டைனமோ சரி" என்று சொல்கிற வழக்கம் இன்னும் சில கராஜ்களில் இருக்கிறது. அது டைனமோ காலத்துப் பழக்கம். ஒல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் திடீரென்று ஏறும் வோல்ட் உள்ளேயிருக்கும் டயோட்களையே எரித்துவிடும். தயவுசெய்து யாரையும் செய்யவிடாதீர்கள்.

சார்ஜ் சரியாக இருந்தும் இரவில் பற்றரி இறங்குகிறதா? கதவுகளை மூடி, எல்லாவற்றையும் நிறுத்தி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கழற்றிய கேபிளுக்கும் பற்றரி முனைக்கும் நடுவே டெஸ்ட் லாம்பைப் பிடியுங்கள். லாம்ப் எரிந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் லாம்ப் அணைகிறதோ, கசிவு அந்தப் பக்கம். எல்லா பியூஸையும் கழற்றியும் அணையாவிட்டால் ஒல்டர்னேட்டரின் டயோட்டைச் சந்தேகிக்கலாம். நாம் கேள்விப்பட்டவற்றில் அதிகமான கசிவுகள் பிற்பாடு பூட்டிய செட், ஹோர்ன், அலங்கார லைட் ஆகியவற்றிலிருந்தே வந்தவை. அடுத்த இடம் எலிக்கு. சூடான எஞ்சினுக்குள் குளிர்காலத்தில் குடிவரும் எலி வயரின் தோலைக் கடித்து வைக்கும்.

டீசல் வண்டிகளுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால், பம்ப்பைக் கழற்றக் கொடுக்குமுன், சாவியை ஓன் பண்ணும்போது டீசல் பம்ப்பின் பக்கத்தில் "டிக்" என்று கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள். டீசலைத் திறந்துவிடும் சொலினொயிட்டின் ஒற்றை வயர் அதிர்வில் கழன்றிருக்கலாம். அந்த வயர் கழன்றால் இறக்கத்தில் உருட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. குளிர்ந்த காலையில் மட்டும் தொல்லை என்றால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள்.

பியூஸுக்குப் பதில் ஆணி

இதை நாம் சற்றுக் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. பியூஸ் எரிந்த இடத்தில் சிகரட் பெட்டியின் ஈயத்தாளும், செம்புக் கம்பியும், ஒரு வண்டியில் இரண்டங்குல ஆணியும் இருந்ததைப் பார்த்தோம். 15 அம்பியர் பியூஸ் எரிந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அதை எரிய விடாமல் தடுத்தால் அடுத்துச் சூடாவது வயர். வயரின் தோல் உருகி, பக்கத்து வயரோடு ஒட்டி, டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக்கில் தீ பிடிக்கும். பின்னால் இருபது பேர் நின்றுகொண்டு பள்ளிக்கோ திருவிழாவுக்கோ போகிற வண்டியில் அது நடந்தால்? பற்றரிக்குப் பக்கத்திலுள்ள பியூசபிள் லிங்க் என்ற உருகும் வயரும் அப்படியே: அது போனால் சாதாரண வயரால் கட்டிவிடாமல், அதே அளவு லிங்க்கைத் தேடிப் போடவேண்டும். இரண்டு மேலதிக பியூஸ் டாஷ்போர்ட் பெட்டியில் கிடந்தால் ஆணிக்கு வேலை இல்லை.

வயர்களை முறுக்கி டேப் சுற்றுவதும் இதே வகைதான். தோட்டப் பாதையின் குலுக்கலில் முறுக்கு தளரும், டேப்பின் பசை வெயிலில் இளகும், உள்ளே ஈரம் புகும். ஈயம் வைத்து ஒட்டி இறப்பர் குழாய் போட்டு மூடுங்கள். அல்லது நல்ல கிரிம்ப் முனை போடுங்கள். வயர்க்கட்டு சஸியின் இரும்பு விளிம்பில் உரசும் இடங்களில் பழைய டியூப் துண்டொன்றைச் சுற்றிக் கட்டினாலே பல வருடம் தாங்கும்.

வாகன மின்வேலையை முறையாகப் பழக விரும்பும் இளைஞர்கள், என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு கூடிய பயிற்சி நெறிகளைப் பற்றி அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரிக்கலாம். மற்றவர்கள் வேலையைத் தொடங்குமுன் பற்றரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். ஸ்பெனர் தவறிப் பொடியில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது. ஒரு நாற்பது பக்கக் கொப்பியை வண்டியிலேயே வைத்து, எந்த வயரை என்ன நிற வயரால் எங்கே ஒட்டினீர்கள், எந்த பியூஸில் எதைக் கோர்த்தீர்கள் என்று திகதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை வண்டியைத் திறந்து பார்ப்பவர் நீங்களாகவும் இருக்கலாம், நள்ளிரவில் டோர்ச் வெளிச்சத்தில் உங்களுக்கு உதவ வந்த அயலவராகவும் இருக்கலாம்.